ஸ்கூபாவா, ஸ்நார்கெலிங்கா? அந்தமானில் நாங்கள் எடுத்த முடிவு

அந்தமான் போய் வந்ததிலிருந்து, நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஸ்கூபா பண்ணினீங்களா சார்?" செல்லுலார் சிறையைப் பற்றிக் கேட்பவர்கள்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் அதற்கு வருகிறார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்போதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்குப் பிள்ளைகளே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சென்னையில் விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேயர். (2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் ஹோட்டல்காரர் வரை இன்னும் போர்ட் பிளேயர்தான்.) அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. அதுவும் 2018இலிருந்து ஸ்வராஜ் தீவு. இறங்கிய நிமிடத்தில் இருந்து "ஸ்கூபாவா, ஸ்நார்கெலிங்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே போய் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது. அதனால் இங்கேயே உட்கார்ந்து யோசிப்பது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்நார்கெலிங் என்றால் தண்ணீரின் மேலேயே குப்புற மிதப்பது. கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு முகமூடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய். குழாயின் மறுமுனை தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாக மூச்சு விட்டபடி, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துக் கீழே பார்க்கலாம். கூடவே மிதவைச் சட்டை போட்டுவிடுவார்கள். நீச்சல் தெரியாதவர்களை ஒரு ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டிப் பையன்கள் இழுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தக் குழாய் ஏன் ஒரு முழம்கூட இல்லை, நீளமாக வைத்தால் ஆழமாகப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. அது முடியாதாம். ஓர் ஆள் ஆழம் போனாலே தண்ணீரின் அழுத்தம் நெஞ்சை அமுக்கும். வெளியே இருக்கும் சாதாரணக் காற்றை அந்த அழுத்தத்துக்கு எதிராக உள்ளே இழுக்க நம் நெஞ்சுக்கூட்டுக்குப் பலம் போதாது. அதனால் குழாயை வைத்துக்கொண்டு மேலேதான் இருக்க முடியும்.

ஸ்கூபா இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. முதுகில் சிலிண்டர். அதில் இருப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன் அல்ல, நாம் மூச்சு விடும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். வாயில் வைக்கும் கருவி, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாக அந்தக் காற்றைக் கொடுக்கும். பிரான்ஸ் நாட்டு ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து 1943இல் உருவாக்கிய கருவியின் வழி வந்தது இது. பயிற்சி இல்லாத நம்மைப் போன்றவர்களை அதிகபட்சம் 12 மீட்டர் வரைதான் கூட்டிப் போவார்கள். பயிற்சியாளர் நம்மைப் பிடித்துக்கொண்டே வருவார்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால், தரையில் நம்மேல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். விமானம் இறங்கும்போது காது அடைக்குமே, அது இங்கே ஒன்றிரண்டு மீட்டரிலேயே ஆரம்பித்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதை விடுவித்துக்கொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்தவர்களுக்கு அது விடுபடாது. வலியோடு இறங்கினால் செவிப்பறை பாதிக்கும்.

அதைவிட முக்கியமானது மூச்சை அடக்கவே கூடாது என்பது. நமக்குத் தண்ணீர் என்றாலே மூச்சை அடக்கித்தானே பழக்கம்! ஆழத்தில் அழுத்தமான காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று நுரையீரலுக்குள்ளேயே விரிந்து அதைக் காயப்படுத்திவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் என் மகள். எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசு என்று சொல்லி, இரண்டு பேருக்கும் ஸ்கூபாவுக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் எங்களுக்கே தெரிவித்தாள். எனக்கு 67 வயது. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், மாத்திரை தவறுவதில்லை. இருந்தாலும் கிளம்பும் முன் என் இதய மருத்துவரிடம் கேட்டேன்.

"டிரெட்மில் பரிசோதனை பண்ணிப் பார்க்காம ஸ்கூபாவுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். பயணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. "மேலே மிதக்குறதுன்னா?" என்று கேட்டேன். "அதையும் லேசா நினைக்காதீங்க. தண்ணீர்ல படுத்தா காலில இருக்கிற ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். மிதவைச் சட்டை போட்டுக்கிட்டு, அலை இல்லாத இடத்தில், பத்து பதினைந்து நிமிஷம். களைப்பா இருந்தா உடனே வெளியே வந்துடணும்" என்றார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஸ்கூபாதான் ஆபத்து, ஸ்நார்கெலிங் குழந்தை விளையாட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹவாய்த் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் கடலில் மூழ்கி இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஸ்நார்கெலிங்கும் ஒன்று. அதில் நம் வயதுக்காரர்களே அதிகம்.

ஹேவ்லாக்கில் அந்த நிலையத்துக்குப் போனோம். கடலைப் பார்த்த ஓலைக் கொட்டகை, மேஜை, அதன் மேல் படிவம். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் படிவங்களோடே வாழ்ந்தவன் என்பதால், எந்தப் படிவத்தையும் முதல் வரியிலிருந்து படிப்பது எனக்கு வழக்கம். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததுண்டா, சர்க்கரை, ரத்த அழுத்தம், 45 வயதுக்கு மேலா என்று வரிசையாகக் கேள்விகள். இதயக் கோளாறு அல்லது இதய சிகிச்சை உண்டா என்ற கேள்வியும் இருந்தது. ஒன்றுக்கு ஆம் என்று போட்டாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து மேஜையில் இருந்த இளைஞர் சொன்னார். "எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் கை அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. மகள் கட்டிய பணம் திரும்ப வராது. பக்கத்தில் மனைவி நிற்கிறாள். எதிரே அவ்வளவு அழகான கடல். எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டே நிமிடத்தில் மளமளவென்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்தப் படிவம் அவர்களுக்கான காகிதம் இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு வலித்தால் வாயில் கருவியோடு "வலிக்குது" என்று சொல்லவும் முடியாது, சட்டென்று மேலே வரவும் முடியாது. கூட வரும் பையன் என்னைச் சுகமான ஆள் என்று நம்பித்தான் கையைப் பிடித்திருப்பான். அவனிடம் நான் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆம் என்று போட்டுக் கொடுத்தேன். "அப்ப உங்களை எடுத்துக்க முடியாது சார்" என்றார். "தெரியும் தம்பி" என்றேன்.

என் மனைவி உடனே, "அப்ப நானும் போகல" என்றாள்.

அவளுக்கு 62 வயது. முழங்கால் வலி தவிர வேறு ஒன்றும் கிடையாது. ஊரிலேயே மருத்துவரிடம் காட்டி, போகலாம் என்று சான்றிதழும் வாங்கி வைத்திருந்தோம். ஆனாலும் 38 வருடத்தில் என்னை விட்டுவிட்டு அவள் தனியாகச் செய்த காரியம் என்று யோசித்தால், அக்கா வீட்டுக்குப் பேருந்தில் போனதுதான் நினைவுக்கு வருகிறது. நாளை காலை சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டோம்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் சொன்னாள். கோவில்பட்டிப் பக்கம் அவர்கள் கிராமத்தில் பெரிய இறவைக் கிணறு. ஏழு வயதில் சுரைக்குடுக்கை கட்டி அவளுடைய தாத்தா நீச்சல் பழக்கினாராம். அடியில் போட்ட வெண்கலக் கும்பாவை முங்கி எடுத்து வருவதில் தெருவில் இவள்தான் முதல். பெரியவளானதும் கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பாவாடையோடு தண்ணீரில் இறங்கியது அதுதான் கடைசி. ஏறக்குறைய ஐம்பது வருடம்.

"இத ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டாத்தானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"நீ போ. நான் படகுல உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து தயாராக இருந்தாள்.

பயிற்சியாளர் போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அங்கே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தான். "அம்மா, மூச்ச மட்டும் நிறுத்தாதீங்க. வேற எது மறந்தாலும் நான் பார்த்துக்கிறேன்." முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் எப்படி வெளியேற்றுவது, காதை எப்படி விடுவிப்பது என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை செய்யவைத்தான். கட்டை விரலை உயர்த்தினால் நமக்கு "பிரமாதம்" என்று அர்த்தம். கடலுக்கடியில் "மேலே போகலாம்" என்று அர்த்தம். பிரமாதம் என்று சொல்ல விரலை வட்டமாக வைத்துக் காட்ட வேண்டும். என் மனைவி பழக்கதோஷத்தில் இரண்டு தடவை கட்டை விரலைக் காட்ட, அவன் இரண்டு தடவையும் அவளை மேலே கொண்டுவந்துவிட்டான்.

எங்களோடு வந்திருந்த மச்சினருக்கு லேசாக ஜலதோஷம். "அது ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டுதான் இறங்கினார். இரண்டு மீட்டரிலேயே காது விடுபடாமல் வலி எடுத்துவிட்டது. பயிற்சியாளர் இன்னொரு தடவை முயற்சி செய்யக்கூட விடாமல் மேலே கூட்டி வந்துவிட்டார். அதுதான் சரியான பயிற்சியாளருக்கு அடையாளம்.

படகில் கால் மணி நேரம் போய் நங்கூரம் போட்டார்கள். அவள் பின்பக்கமாக உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை மறைந்தது. அப்புறம் குமிழிகள் மட்டும்தான்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கிறவர்கள் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சடக்கி இறங்குவார்கள். படகில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் குளிப்பவரின் மைத்துனராகத்தான் இருப்பார் என்று நம் ஊரில் சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டாராம். என் கையில் கயிறும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினரும் நானும் பேசிக்கொள்ளவில்லை, இரண்டு பேருமே குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி வந்தால் மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். படகு லேசாகத் திரும்பியதில் ஒரு தடவை குமிழி எங்கே என்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். படகுக்காரர் சிரித்துக்கொண்டே மறுபக்கம் கையைக் காட்டினார்.

முப்பது நிமிடம். ஸ்டென்ட் வைத்த அன்று அறுவை அரங்குக்கு வெளியே அவள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி நான் அவளிடம் இதுவரை கேட்டதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது கேட்க வேண்டும் என்று தோன்றியது. அன்று மாலையே கேட்டேன்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சத்தமே இல்லைங்க." தன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். பதினோரு மீட்டர் வரை போனதாகப் பையன் சொன்னான். கடல் சாமந்திக்குள் ஒளிந்து ஒளிந்து பார்க்கும் கோமாளி மீன், பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன், கடல் அட்டை என்று வரிசையாகச் சொன்னாள். "கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு, கறுக்குமுறுக்குன்னு" என்றாள். அது பவளப்பாறையைத் தின்று கழிப்பதுதான் இந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பகுதி என்று பையன் சொன்னபோது, ராதாநகர் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்ததை நினைத்துச் சிரித்தோம்.

மறுநாள் இரண்டு பேரும் எலிஃபென்ட் பீச்சுக்குப் போனோம். படகுத்துறையிலிருந்து இருபது நிமிடம். இது என் முறை. மீசை இருப்பதால் முகமூடி சரியாக ஒட்டாமல் தண்ணீர் கசிந்தது. வழிகாட்டிப் பையன் கொஞ்சம் வாசலினைத் தடவிவிட்டான், நின்றது. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சிலைத் தேய்த்துக் கழுவச் சொன்னான். பல்செட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். என்ன சொல்ல! இடுப்பளவு ஆழத்திலேயே அவ்வளவு மீன். நீலம், மஞ்சள், கறுப்பு வெள்ளைப் பட்டை. முகமூடிக்குள் இருந்து பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். இன்னொரு விஷயம், ஆழம் போகப் போகத் தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கிவிடும். அதனால் மேலே மிதப்பவனுக்குத்தான் நிறங்கள் முழுதாகக் கிடைக்கும். "நேத்து எனக்கு எல்லாம் நீலமாத்தான் தெரிஞ்சுது, இங்கதான் கலர் நல்லா இருக்கு" என்று அவளே ஒத்துக்கொண்டாள். பதினைந்து நிமிடத்தில் மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்து வெளியே வந்துவிட்டேன். களைப்பில்லை. இருந்தாலும் வந்துவிட்டேன். அவள் இன்னும் அரை மணி நேரம் மிதந்தாள்.

ஆக, யார் எதைத் தேர்ந்தெடுப்பது? என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இதயம், நுரையீரல், காது இவற்றில் எதற்காவது வைத்தியம் செய்துகொண்டவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதிக நாள் ஆகாதவர்கள், ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடற்கரையில் நின்று முடிவெடுக்காதீர்கள். சில நிலையங்களில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். அதையும் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

உடம்பு சரியாக இருந்தால் 60 வயது என்பதற்காக ஸ்கூபாவை ஒதுக்க வேண்டாம். முதல் தடவைக்கு நீச்சல்கூடப் பெரும்பாலும் கேட்பதில்லை. பயந்து படபடப்பவர்களுக்குத்தான் அது சரிவராது. எங்களுக்கு ஒருவருக்கு 4,500 ரூபாய் ஆனது. எலிஃபென்ட் பீச்சில் படகோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்.

ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும். உடனே விமானம் ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழியாகக் கிளம்பிவிடும். ஒரு தடவை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், அடுத்தடுத்து இறங்கினால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். ஒரு நாள் முழுதாக இடைவெளி விட்டால் இன்னும் நிம்மதி. ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கணக்கு இல்லை.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. மே மாதம் மழைக்காற்று ஆரம்பித்துவிடும்.

ஹேவ்லாக் வரை போக முடியாதவர்கள் போர்ட் பிளேயர் எதிரே இருக்கும் நார்த் பேயிலேயே இரண்டையும் செய்யலாம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களோடு ஒரு கடற்கரை இருக்குமே, அது இந்த இடம்தான்.

எதைச் செய்தாலும் பவளப்பாறைமேல் காலை ஊன்றாதீர்கள், கையால் தொடாதீர்கள். அது கல் அல்ல, உயிர். கடல் சூடாகி 2010இல் அங்கே ஏராளமான பவளம் வெளுத்துப்போனது. மீண்டு வருகிற இடங்களில் நாம் மிதிக்கக் கூடாது. வெளுத்துச் செத்த பாறைகளையும் நான் பார்த்தேன். சுண்ணாம்புச் சாம்பல்போலக் கிடந்தன.

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு பேரும் ஒன்றையேதான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவருக்கு முடியவில்லை என்றால் மற்றவரையும் கரையில் உட்காரவைக்காதீர்கள். ஒருவர் இறங்கட்டும், ஒருவர் படகில் இருக்கட்டும். வந்து சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

ஊருக்குத் திரும்பிய மறுவாரம் டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டேன். முடிவு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் ஸ்கூபாவைப் பற்றி மருத்துவரிடம் நான் மறுபடி கேட்கவில்லை. மனைவிதான் பக்கத்துத் தெரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கு எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். காலை ஆறு மணிக்காம். கொண்டுபோய் விடுவது என் வேலை.